தமுக்கு அடித்த வகுப்புச் சட்டம்

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு வாய்த்த பெரியவர் இரண்டு வருஷமும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதினார். "முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிடு. சொல்லாதவன் கடைசி நாள்வரை கெஞ்சுவான்." அவர் வகுப்பில் பாதி நேரம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தூக்கத்திலும் அந்த மந்திரம் மட்டும் உள்ளே இறங்கிவிட்டது.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. ஓடின என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். மதுரையிலிருந்து பேரையூருக்கு நான் போன பஸ் மேட்டைக் கண்டால் நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். நான் ஒரு கையால் தள்ளினேன். மறு கையில் குடை இருந்தது.

அது அப்பா வாங்கித் தந்த குடை. குடை இல்லாத வாத்தியாரை எவனும் மதிக்கமாட்டான் என்பது அவர் கட்சி. எனக்கு உத்தியோகம் கிடைத்த சேதியை எங்கள் சந்தில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருந்தார். சொல்வதற்குப் புது ஆள் கிடைக்காமல் போனதும், கேட்டவர்களிடமே மறுபடி சொல்ல ஆரம்பித்தார். வேலை போய் நான் திரும்பினால் ஒவ்வொரு வாசலிலும் நின்று காரணம் சொன்ன பிறகுதான் வீட்டுப்படி ஏற முடியும்.

பேரையூரிலிருந்து எழுமலைப் பக்கம் போகும் வண்டிப்பாதையில் இருந்தது அந்த ஊர். பள்ளிக்கூடத்தைக் கட்டி நடத்திய மேனேஜர் ஒரு பருத்தி வியாபாரி. அவர் சாதாரணமாகப் பேசினாலே காக்கைகள் பறக்கும். என் டிரங்குப் பெட்டியைப் பார்த்ததும், "பொட்டிய இப்பப் பிரிக்காதீக தம்பி" என்றார்.

"ஏன்?"

"ஒங்களுக்கு முன்னால இருந்த வாத்தியாரு ஊரோட மல்லுக்கட்டிட்டுப் போனாரு. நீங்க வந்த எடத்துல ஊருக்குள்ள இருந்து ஒரே ஒரு புகார் வரட்டும், மறுநாளே கரி பஸ்ஸத் தள்ளிக்கிட்டு மதுரைக்குப் போயிரலாம்."

பெட்டியைப் பிரிக்காமலேயே, மேலாக இருந்த சட்டையை மட்டும் உருவிப் போட்டுக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடம் போனேன்.

பள்ளிக்கூடம் என்பது ஊர்ப் பொதுவிடமான மந்தையின் ஓரத்தில் ஒரு கூரைக் கொட்டகை. எதிரே புளியமரம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி, இடுப்பில் தன் தம்பியோடு வந்திருந்தாள். அவனுக்கு அரைஞாணைத் தவிர வேறு உடுப்பு இல்லை. அம்மா களையெடுக்கப் போயிருக்கிறாள், ஆகவே தம்பியும் படிக்க வந்திருக்கிறான் என்று அவளே விளக்கம் சொல்லிவிட்டாள்.

நான் குடையை மூலையில் சாத்திவிட்டு, கரும்பலகையில் சட்டங்களை எழுதிப் படித்துக் காட்டினேன். மணி அடித்தால் வரிசையாக வர வேண்டும். பேச வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். ஆசிரியர் உத்தரவு கொடுத்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். உத்தரவில்லாமல் வெளியே போகக்கூடாது. யாராவது வந்தால் எழுந்து நின்று கும்பிட வேண்டும். வகுப்பில் எதையும் தின்னக்கூடாது.

"புரிந்ததா?"

"புரிஞ்சிருச்சு சார்!" என்றார்கள். அவ்வளவு பணிவான பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. கண்ணில் நீர் வராத குறை.

திரும்பிக் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினேன். பின்னால் கடக் என்று ஒரு சத்தம். வறுத்த புளியங்கொட்டையை எவனோ கடிக்கிறான். அப்புறம் எல்லாப் பக்கமும் கடக், கடக். இரண்டு பேர் ஓணான் பார்க்க வெளியே போயிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கோபக்காரன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் குரலைப் பற்றித்தான். கோபம் வந்தால் அது கீச்சென்று போய்விடும். "இப்போதுதானே சட்டம் சொன்னேன்!" என்று கீச்சினேன். இடுப்புத் தம்பி சிரித்தான்.

அவன் அக்கா பொறுமையாகச் சொன்னாள். "அது இன்னும் சட்டம் ஆகலையே சார்."

"பின்னே?"

"தமுக்கு அடிக்கலையே. எங்க ஊருல தமுக்கு அடிச்சாத்தேன் சட்டம். கம்மாயில மீன் பிடிக்கக் கூடாதுன்னு வாயால சொன்னாக, எல்லாரும் பிடிச்சாக. தமுக்கு அடிச்சுச் சொன்னாக, ஒருத்தரும் எறங்கல."

வகுப்பு முழுவதும் தலையாட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "அவ்வளவுதானே? அடித்துவிட்டால் போகிறது!" என்று சொல்லிவிட்டேன். பயிற்சிப் பள்ளிப் பெரியவர் இந்த மாதிரி ஒரு நிலைமைக்கு எதுவும் சொல்லித் தரவில்லை.

சாயங்காலம் தமுக்கு அடிப்பவரைத் தேடிப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சட்டங்களை முழுக்கக் கேட்டார். கடைசியில், "தெண்டம் என்ன?" என்றார். அபராதம் இல்லாத சட்டத்துக்கு அவர் தமுக்கைத் தொடமாட்டாராம்.

"தோப்புக்கரணம்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "காச விட இது நல்லாருக்கு. பெரியவுககிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க போங்க சார்."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தமுக்குச் சத்தம் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையை நீவிக்கொண்டு கேட்டேன். "இதனால சகலமான பேருக்கும் தெரிவிக்கிறது என்னான்னா... மணி அடிச்சா வரிசையா வந்துரணும்... பேசணும்னா கையத் தூக்கணும்... ஆளு வந்தா எந்திரிச்சுக் கும்பிடணும்... வாத்தியார் உத்தரவு இல்லாமப் போகக் கூடாது... மீறுனா தோப்புக்கரணம்... டும் டும் டும்."

பள்ளிக்கூடத்துக்குப் போய், தொங்கிய தண்டவாளத் துண்டில் மணி அடித்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அடடா, என்ன வரிசை! அவர்கள் பின்னால் அவர்களுடைய அப்பன்மார் வந்தார்கள். அதற்குப் பின்னால் தார்க்குச்சியோடு ஒருவர், அவருக்குப் பின்னால் அவர் மாடு. அதற்குப் பின்னால் தலையில் கஞ்சிக் கலயத்தோடு பெண்கள். வரிசையின் வால் கம்மாய்க் கரை திரும்பி மறைந்திருந்தது.

முதலில் நின்ற பெரியவர் கையைத் தூக்கினார். நான் மிரண்டுபோய்த் தலையாட்டினேன்.

"காட்டுக்குப் போயிட்டு வரலாமா சார்? சோளத்துல குருவி விழுகுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊரில் தமுக்குச் சத்தம் கேட்ட காதுக்கெல்லாம் சட்டம் பொது. பாதிப் பேருக்கு ஒரு சட்டம் போடுகிற வழக்கமே அவர்களிடம் இல்லை. அதுவும் யுத்த காலம். அரிசிக்கு ஒரு சட்டம், மண்ணெண்ணெய்க்கு ஒரு சட்டம் என்று சர்க்கார் புதிது புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தது. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

"இது பிள்ளைகளுக்கு மட்டும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதையும் தமுக்குல சொல்லிருங்க சார், கேட்டுக்கிறோம்" என்றார் பெரியவர். தமுக்கு அடிப்பவரோ மகள் வீட்டுக்கு அலங்காநல்லூர் போய்விட்டாராம். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

வேறு வழியில்லாமல் ஒவ்வொருவருக்காக உத்தரவு கொடுத்தேன். மாட்டுக்கும் சேர்த்துத்தான்.

மத்தியானம் ஊருக்குள் போய்ப் பார்த்தேன். காப்பிக் கடையில் பேச்சு மூச்சில்லை. நாலு பேர் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்கள். தெருமுனையில் இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் கும்பிட்டபடி நின்றார்கள். யார் முதலில் உட்கார்வது என்பது தீரவில்லை. கிணற்றடியில் பரம்பரைச் சண்டைக்காரிகள் இருவர் உண்டு. ஒருத்தி சண்டையைத் தொடங்கக் கையைத் தூக்கியிருந்தாள். மற்றவள் அவள் பக்கமே திரும்பாமல் நிதானமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பயம்தான் கூட.

மேனேஜர் விடியும் முன்பே திருமங்கலம் சந்தைக்குப் போயிருந்தார். தமுக்கு அவர் காதில் விழவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், வண்டியில் ஏற்ற வேண்டிய பருத்திப் பொதி அத்தனையும் போட்டது போட்டபடி கிடக்கிறது. ஏற்ற என்னிடம் உத்தரவு வாங்காத ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால் கையைத் தூக்கினார்களாம். அவருக்குப் பிடித்தது ஆவேசம். நேரே மந்தைக்கு வந்தார். ஊர்ப் பெரியவர்கள் புளியமரத்தடியில் கூடியிருந்தார்கள். பேச உத்தரவு வேண்டுமே, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், வேடிக்கைக்கு அவர்களுக்கு மணி தேவையில்லை.

"யோவ் வாத்தியாரே!" என்று ஆரம்பித்தார் மேனேஜர். "ஒம்ம பொட்டியத் தூக்கிக்கிட்டு..."

முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சந்தும், அதன் வாசல்களும், அப்பா முகமும் கண்முன் வந்து நின்றன.

பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். நான் தலையாட்டினேன். அவர் எழுந்து, "அண்ணே, கையத் தூக்காமப் பேசிட்டீக" என்றார்.

"என்னய்யா கை? எவன் போட்ட சட்டம்? எம் பள்ளிக்கூடம், எம் பணம்..."

"இது ரெண்டாவது தடவ அண்ணே. ரெண்டு தோப்புக்கரணம் ஆச்சு."

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். சிரிப்பவர்களாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஊர் முழுக்கக் கட்டுப்பட்ட சட்டத்துக்கு இவர் மட்டும் எப்படி விலக்கு என்றுதான் பார்த்தார்கள். அந்த ஊரில் ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவனுக்கு வண்ணான் வரமாட்டான், நாவிதன் வரமாட்டான், பருத்தியை எவனும் தொடமாட்டான். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் மெல்லக் காதைப் பிடித்தார். இரண்டு தோப்புக்கரணம் போட்டார். முட்டி இரண்டு தடவையும் சடக் சடக் என்றது. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டே வலது கையைத் தூக்கினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உத்தரவு கொடுக்க வேண்டியவன் நான்தானே! என்னை வேலையிலிருந்து நீக்க அவர் என்னிடமே அனுமதி கேட்டு நிற்கிறார். அவரோ கையைத் தூக்கியபடியே நிற்கிறார். அந்தக் கை எதையும் கேட்டுப் பழகாத கை என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. என்ன வந்தாலும் வரட்டும் என்று தலையை ஆட்டினேன்.

அவர் தொண்டையைச் செருமினார். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "சார்... பருத்தி ஏத்தணும். மழ வர்ற மாதிரி இருக்கு. ஆளுகள விடுறீகளா?"

"தாராளமாக!" என்றேன்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர், கொஞ்ச தூரம் போன பிறகு நின்று திரும்பிப் பார்த்தார். சொல்ல வந்தது வேறு என்று அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுபடி கையைத் தூக்க அவருக்குத் தெம்பில்லை. போய்விட்டார்.

தமுக்கு அடிப்பவர் ஊர் திரும்பியதும், சட்டம் பள்ளிக்கூடக் கூரைக்குள் மட்டும்தான் என்று மாற்றி அடிக்கச் சொன்னேன். கிணற்றடியில் நிம்மதியாகத் தண்ணீர் இறைத்தவள் மட்டும் அதை ஆட்சேபித்து என்னிடம் வந்து, "நல்ல சட்டத்தக் கெடுத்துப்புட்டீகளே" என்று வருத்தப்பட்டாள். நான் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ஒரு கொடியில் ஒரு சட்டை, ஒரு வேட்டி, மற்றதெல்லாம் உள்ளே. மேனேஜரிடமிருந்து பேச்சே இல்லை. எந்நேரமும் ஆள் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன்.

ஒரு நாள் கரும்பலகையில் கூட்டல் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பினால், வகுப்பில் அத்தனை கையும் உயர்ந்திருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "என்ன?" என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தேன். கைகளுக்குப் பின்னால், வாசலில், கூரைக்குக் குனிந்தபடி இன்னொரு கை. மேனேஜர். எவ்வளவு நேரமாக நின்றாரோ!

"சொல்லுங்கள்" என்றேன். குரல் கீச்சென்று போயிற்று.

"பொட்டியப் பிரிச்சிருங்க சார். ஒங்களுக்கு இங்கதேன் வேல. இந்தப் பயலுக இப்புடி ஒக்காந்து நான் பார்த்ததே இல்ல."

"ஐயோ, ரொம்பச் சந்தோஷம்!" என்று கத்திவிட்டேன். அப்பாவின் குடையை எடுத்து அங்கேயே விரித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவ்வளவு சந்தோஷம்.

முன்வரிசைச் சிறுமி கையைத் தூக்கினாள். தலையாட்டினேன்.

"நீங்க கையத் தூக்காமக் கத்திட்டீக சார்."

வாசலில் நின்ற மேனேஜர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். குடையை மடக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். அக்காவின் இடுப்பிலிருந்து எப்போதோ இறங்கிவிட்ட தம்பியும் காதைப் பிடித்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தான். உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க வரவில்லை. நான்தான் தூக்கிவிட்டேன்.