கோரை நின்ற ஏரியில் அண்ணன் ஓட்டிய டிராக்டர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நாகலாபுரத்தை அடுத்த சிற்றூரில், உழவர் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வீட்டு நிலைமையால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, புத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணையாரிடம் டிராக்டர் ஓட்டப் போனார். தம்பி தங்கைகள் நான்கு பேரும் படித்தது அவர் உழைப்பில்தான்.

அவர் வாழ்வில் ஒரு நாளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை இன்னும் முடிவாகாத காலம். அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. ஏரிக்குள் புல் தழைத்து நின்றது. தண்ணீர் ஏறினால் அழுகிவிடும். ஊர் மாடுகளுக்கு வேறு தீவனம் இல்லை. அண்ணன் பண்ணையாரைக் கேட்டு, புல் வெட்டும் கருவி பூட்டிய டிராக்டரைக் கொண்டுவந்தார். சேற்றில் மாட்டினால் வேலைக்குத் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லித்தான் பண்ணையார் அனுப்பியிருந்தார்.

கரையில் பதினோரு பேர் நின்றோம். பத்துப் பேர் யோசனை சொன்னார்கள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏரி மெட்ராசுக்குப் போவுதோ, ஆந்திராவுலயே கீதோ, உன் வண்டி மட்டும் இங்கயே நின்னுடப் போவுதுப்பா!" என்றார் சித்தப்பா.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் நடந்து பார்த்தார். குதிகால் புதைந்த இடங்களில் வேப்பங்குச்சி நட்டார். பிறகு மேட்டிலிருந்து வெட்டத் தொடங்கினார். ஈரத்தில் வண்டியைத் திருப்பவில்லை. நேராகப் போவார், கத்தியைத் தூக்கிக்கொண்டு அதே தடத்தில் பின்னுக்கு வருவார்.

நடு ஏரியில்தான் புல் இடுப்பளவு. எங்கள் தந்தையாருக்கு அதன்மேல்தான் கண்.

"மொட்டையவே செரைச்சிக்கினு கீறியேடா! அங்க வுடு!"

"கோரை நிக்குது பாரு நைனா, அடியில தண்ணி."

தந்தையார் குச்சியைத் தாண்டிப் போய் நின்றார். "நான் நிக்கல?"

"வண்டி உன்னாட்டம் எலும்பா நைனா?"

ஆனாலும் தந்தையார் விடவில்லை. அண்ணன் ஒரு வரிசை மட்டும் உள்ளே போனார். பின்சக்கரம் சுழன்று இறங்கியது.

"அமுக்குடா, ஏறிடும்!" என்று கரையே கத்தியது.

அண்ணன் அமுக்கவில்லை, உடனே நிறுத்தினார். இறங்கி, வெட்டிய புல்லையே அள்ளிச் சக்கரத்தின் பின்னால் திணித்தார். மெல்லப் பின்னுக்கு எடுத்தார். வண்டி மேட்டுக்கு வந்துவிட்டது.

"அப்ப அந்தப் புல்லு?" என்றார் தந்தையார்.

"அருவா கீது இல்ல? வா நைனா."

அண்ணனே முதலில் கோரைக்குள் இறங்கினார். பின்னால் நாங்கள் எல்லோரும். மாலைக்குள் அறுத்துக் கரையேற்றினோம். மறுநாள் தண்ணீர் ஏறியது. அவ்வாண்டு தீவனமில்லை என்று ஊரில் எந்த மாட்டையும் விற்க நேரவில்லை. அண்ணனின் வேலையும் நிலைத்தது.

பின்னர் சொந்த டிராக்டர் வாங்கினார். அவர் வண்டியை இழுக்க ஒருவரும் மாடு பூட்டியதில்லை. பிறரிடம் உதவி கேட்க மிகவும் கூச்சப்படுவார்.

கடைசி மூன்று மாதங்கள் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் மருமகள், பேரன்கள் நால்வர், பக்கத்துக் கட்டில்காரரின் மகன் என்று ஆறு பேர் மாறி மாறித் தூக்கி உட்கார வைத்தார்கள். முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே கையை நீட்டினார். "ஒரேயடியா தூக்காத ராஜா, உன் இடுப்பு போயிடும்" என்றார். அவர் கை நீட்டியபோது பிடித்துக்கொண்ட அந்த ஆறு பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.