முகம் பொருந்தவில்லை

மூலத்துக்கு அறுவை செய்துகொண்டவன் பத்து நாள் வண்டியில் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். நானோ உட்கார்ந்தே பிழைப்பவன். பனியன் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் பதினெட்டு வருஷம். ஆர்டர் குறைந்து ஆட்களைக் கழித்த பிறகு, இரண்டு வருஷமாக பைக் சீட்டில், முதுகில் சாப்பாட்டுப் பையோடு. என் முன்னேற்றம் என்பது உட்காரும் இடம் மாறியது மட்டும்தான்.

சாப்பாடு டெலிவரி ஆப்பில் பத்து நாள் தலை காட்டாவிட்டால் அப்புறம் ஆர்டர் சரியாக வராது என்று டெலிவரி ஆட்களிடையே ஒரு நம்பிக்கை. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. சாமி கண்ணைக் குத்தும் என்பது மாதிரிதான். பயந்துபோய், என் ஐடியிலேயே ஓட்டச் சொல்லி பக்கத்து வீட்டுக்காரரிடம் என் போனைக் கொடுத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்பெனியில் எனக்கு அடுத்த மெஷினில் இருந்தவர். கம்பெனியில் இது வழக்கம். ஒருவர் விசேஷத்துக்குப் போனால் இன்னொருவர் அவர் மெஷினில் உட்கார்ந்து தைப்பார். தைத்த பீஸெல்லாம் போனவர் பெயரில் ஏறும். சூப்பர்வைசருக்கும் தெரியும். தையல் நேராக இருந்தால் சரி, தைத்தவன் மூஞ்சியை யார் பார்த்தார்கள்?

“நீங்க கவுந்து படுங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

மூன்றாம் நாள் ஆப் மூஞ்சியைப் பார்த்தது. பிரியாணிக் கடை வாசலில் நின்றவரிடம் செல்ஃபி கேட்டிருக்கிறது. அவரும் தலையைச் சீவிக்கொண்டு எடுத்து அனுப்பிவிட்டார். முகம் பொருந்தவில்லை, உங்கள் ஐடி நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது, பார்ட்னர் என்று பதில். ஆப் எங்களை அப்படித்தான் கூப்பிடும். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுதுவிடுவார் போலிருந்தது. “சரி விடுங்க” என்றேன்.

குப்புறப் படுத்தபடியே ஆப்பின் உதவிப் பகுதிக்கு எழுதினேன். புத்தகம் படிக்கிற ஆள் என்பதால் நான்கு பத்தி, கொஞ்சம் தத்துவம். உங்கள் சிரமம் புரிகிறது, முடிவை மாற்ற இயலாது என்று அடுத்த நொடியே வந்தது. தத்துவத்தை எடுத்துவிட்டு இரண்டு வரியில் அனுப்பினேன். அதே பதில். வெறும் ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன். அதற்கும் என் சிரமம் புரிந்தது.

பதினோராம் நாள் வீட்டுக்காரி தள்ளிவிட, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மணி நாற்காலியைக் காட்டினார். நிற்கிறேன் என்றேன், மரியாதை என்று நினைத்திருப்பார். மனுவைப் படித்துவிட்டு, கம்பெனி கொடுத்த வேலை உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

“இல்லீங்க. நான் பார்ட்னருங்க.”

“கம்பெனியில உங்களுக்குப் பங்கு இருக்குதுங்களா?” கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

“பைக்கு, பெட்ரோலு, ரிப்பேரு. அது மூணும் என்ற பங்குங்க.”

அவர் சிரிக்கவில்லை. தொழிலாளி என்றால் நீக்கும் முன் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். பார்ட்னர் என்றால் வழியில்லை என்று பொறுமையாகச் சொன்னார். ஐடியை மீட்டுத் தர முடியாது. ஆனால் ஆப் வேலை செய்கிறவர்களுக்கென நலவாரியம் இருக்கிறது, அதில் பதிந்துகொள்ளலாம். வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டும், ஆப்பைத் திறந்து காட்டுங்கள் என்றார்.

திறந்தேன். நிறுத்திவிட்டோம் என்ற அறிவிப்பைத் தவிர வேறெதுவும் வரவில்லை. அவர் போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“உங்க பேரு, போட்டோ, ஐடி நம்பரு, சேந்த தேதி, எல்லாம் இதுலயே இருக்குதுங்களே. இது போதுங்க.”

பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷம் காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைத்தேன். நான் அங்கே வேலை பார்த்ததாக ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நான் உழைத்தேன் என்று சொல்லும் முதல் ஆவணம் நான் இனி வேண்டாம் என்று சொல்லும் ஆவணம். அதைப் பிரிண்ட் எடுத்து விண்ணப்பத்தோடு பின் அடித்தார்.

“இப்ப செய்யற தொழில்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. என்ன போடட்டும்?”

“டெலிவரின்னே போட்டுக்குங்க” என்றேன். எழுதிக்கொண்டார்.