கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்

சபையாரே, இதற்கு முன் இரண்டு முறை மைக்கைப் பிடித்து உங்களிடம் கடல் சாட்சி சொன்னேன். இந்த முறை நம் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தருகிறேன். மைக் கைக்கு வந்தால் எனக்கு வாய் நீண்டுவிடும். அந்த இரண்டு சாட்சியிலும் பொய் கலந்திருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பெயர் ஜெயராஜ். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவுக்கு சூப்பர்வைசர். பாலாற்றங்கரையில் பிறந்தும், அதில் தண்ணீர் ஓடிப் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீச்சல் தெரியாது. என் மனைவியின் தம்பி பிரபுவுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினோம். எதற்கு என்று கேட்காதீர்கள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வந்த கிறுக்கு அது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு விடியற்காலையிலேயே பைக்கில் கிளம்பிவிடுவோம்.

முதல் ஆபத்து போன வருடம் பொங்கல் லீவில். போய்வர எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்றுகூட யோசிக்காமல் போனோம். கரை மறைந்த இடத்தில் இன்ஜின் நின்றது. மதியம் வரை வெயிலில் மிதந்தோம். நான் வாய்விட்டு அழுது ஜெபித்தேன். அது பொய்யில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் குப்பத்து மீனவர் ஏழுமலை, வலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, கயிறு வீசி எங்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் டீ குடித்தோம். அவர் மனைவி காகிதத்தில் கருவாடு சுற்றிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அதை வறுத்துச் சாப்பிட்டோம்.

ஆனால் அடுத்த ஞாயிறு உங்களிடம் நான் சொன்னது என்ன? "யாரென்றே தெரியாத ஒருவர் வந்தார். கரையேறி நன்றி சொல்லத் திரும்பினேன், ஆளைக் காணோம்." நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். வந்தது தேவதூதனோ என்று ஒரு அம்மா கண்ணீரோடு கேட்டார். நான் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்து சிரித்தேன். வாயால் சொன்ன பொய்யைவிட அந்தச் சிரிப்பு பெரிய பொய்.

இரண்டாம் முறை மூடுபனியில் திசை தப்பினோம். தேடிக்கொண்டு வந்தவர் மறுபடியும் ஏழுமலைதான். அன்று பாதி விரித்த வலையை அலை இழுத்துக்கொண்டு போனதாகப் பிறகு தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. "உங்க பாலாத்துல தண்ணி இல்லன்னா அதுக்கு நாங்க இன்னா சார் பண்றது?" என்றார். பிரபு சிரித்தான், நானும் சிரித்தேன். அந்த வாரமே இங்கே மைக்கைப் பிடித்து, அதே முகம் தெரியாத மனிதர் மறுபடியும் வந்தார், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம் என்றேன். வாலிபர்கள் அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். வேலூரிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம் மறுபடி போனபோது படகின் அடியில் விரிசல் தெரிந்தது. ஃபைபர் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள் என்று குப்பத்தில் சொன்னார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஒட்டிய சோல் ஜெர்மனியில் பனியில் நடக்கிறது, ஒரு விரிசலை ஒட்டத் தெரியாதா? கம்பெனியில் செய்கிற மாதிரியே உப்புத்தாளால் தேய்த்து, சோல் ஒட்டும் பசையான சொல்யூஷனை இரண்டு கை பூசி, சூடு காட்டி, ரப்பர் ஷீட்டை வைத்து சுத்தியால் தட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

கரையிலிருந்து ஒரு மைல் தாண்டவில்லை. "மாமா, கால் நனையுது" என்றான் பிரபு. குனிந்து பார்த்தேன். என் ஒட்டு வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து மிதந்தது. அன்று எனக்கு ஜெபம்கூட வரவில்லை. மூன்றாம் முறையும் எந்த முகத்தோடு கூப்பிடுவது? "ஆண்டவரே, இவனையாவது" என்று மட்டும் சொன்னேன்.

ஏழுமலை வந்தார். பிரபுவைத் தூக்கித் தன் படகில் போட்டார், என்னைத் தூக்கிப் போட்டார். முழுகுகிற எங்கள் படகையும் விடாமல் கயிறு கட்டப் பார்த்தார். ஒரு அலை அதைத் தூக்கி அடித்தது. கயிறு அவர் வலது கையில் சுற்றிக்கொண்டு இறுகியது. எலும்பு தெரிந்தது. அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் கரை வரை படகை ஓட்டினார். எங்கள் படகு போய்விட்டது.

குப்பத்துக்குள்கூடப் போகாமல் கரையிலிருந்து நேரே பக்கத்து ஊருக்குப் போய் முதலுதவி செய்து, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். நான் தாழ்வாரத்தில் கண்ணை மூடி நின்றிருந்தேன். என் மனைவி வந்து, "ஜெபம் இருக்கட்டும், அவரு வூட்டுக்கு சொன்னீங்களா?" என்றாள். சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நரம்ப சேத்து தெச்சிருக்கோம். ஒட்டணும். ஒட்டலன்னா கை மூடாது" என்றார். மூடாத கையால் எப்படி வலை இழுப்பது? அந்த வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான். ஒட்டணும் என்ற வார்த்தை என்னை அறைந்தது. இருபது வருடமாக என் பிழைப்பே அந்த வார்த்தைதான்.

ஆறு வாரம் அவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். அந்த அம்மா தங்கள் கங்கையம்மனிடம் வேண்டிக்கொண்டார். நான் நம் ஆண்டவரிடம் கேட்டேன். கம்பெனியில் சொல்யூஷன் வாசனை வரும்போதெல்லாம் கேட்டேன். "என் ஒட்டு விட்டுப்போச்சு. உம்முடைய ஒட்டு பிடிக்கட்டும்." வேறு எதையும் கேட்கவில்லை. எனக்காகக் கேட்காமல் நான் செய்த முதல் ஜெபம் அதுவாகத்தான் இருக்கும். கட்டுப் பிரித்த பிறகும் பல நாள் விரல்கள் மரக்கட்டையாக நின்றன. பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்பாஞ்சு உருண்டையை அவர் அழுத்தப் பார்த்துத் தோற்பதை என்னால் பார்க்க முடியாது. வெளியே போய்விடுவேன்.

ஒரு காலை என் மனைவி டீ நீட்டினாள். அவர் பேச்சு மும்முரத்தில் வலது கையை நீட்டி டம்ளரைப் பிடித்துவிட்டார். கை மூடியது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தோம். அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் துள்ளிக் குதித்து, இந்த ஞாயிறே சபையில் சாட்சி சொல்கிறேன் என்றேன்.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க பேசுன வீடியோவ என் பொண்ணு அப்பவே போன்ல காமிச்சா சார். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்னு சொன்னீங்க. நான் எங்கியும் போவல சார். அங்கதான் கவுறு சுருட்டிக்கினு இருந்தேன்."

அவர் குரலில் குத்தல் இல்லை. எனக்குத்தான் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் மூன்றாம் முறையும் வந்து என்னைத் தூக்கியிருக்கிறார். அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். "டீ ஆறுது சார்" என்றார்.

இப்போது அவர் கடலுக்குப் போகிறார். நான் கால் நனைப்பதோடு சரி. என் பிரிவில் சோல் ஒட்டும் பெண்களை இருபது வருடமாக "ஏம்மா, இந்தாம்மா" என்றே கூப்பிட்டு வந்தேன். இப்போது எல்லோருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பெண் பயந்துபோய், வேலையை விட்டு எடுக்கப் போகிறீர்களா என்று கேட்டாள்.

பிரியமானவர்களே, நம் ஆண்டவர் ஜெபம் கேட்கிறார். மூன்று முறையும் கேட்டார், நான்காவதாக அந்தக் கைக்காகவும் கேட்டார். என்னைப் போன்றவனுக்கே கேட்டவர் உங்களுக்குக் கேட்கமாட்டாரா? எந்த ஆழத்தில் இருந்தாலும் கூப்பிடுங்கள். உதவி வந்தபின் ஒரு நிமிடம் நின்று, வந்தவரின் பெயரைக் கேளுங்கள். அதைச் சபையில் சொல்லுங்கள்.

எனக்கு வந்தவரின் பெயர் ஏழுமலை. நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் அவர் கடலில் இருப்பார். அவருக்காக ஜெபியுங்கள்.