லேசாகிப் போன நங்கூரம்

லமார் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஒருதரம் அவன் கழுதைக்காது பள்ளத்தாக்கின் விளிம்பில் உட்கார்ந்தானாம். மழை பெய்து, வெள்ளம் வந்து, வடிந்து, கள்ளி பூத்து, காயும் காய்த்த பிறகுதான் காலை மாற்றிப் போட்டானாம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் தென்கோடியில் இதை நம்பாத ஆள் இல்லை. நம்பாதவர்கள் லமாரைப் பார்க்காதவர்கள்.

உட்காருவதுதான் அவன் பிழைப்பு. அந்தச் சிவப்புப் பாறை இடுக்குக்குள் டூரிஸ்டுகளைக் கயிற்றில் இறக்கவேண்டும். பாறையில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மரம் என்று சொல்லிக்கொள்ள முழங்கால் உயரத்தில் நாலு குச்சி. அப்புறம் கயிற்றை எதில் கட்டுவது? லமாரில் கட்டுவார்கள். மேலே மணலில் ஒரு குழி பறித்து, அதற்குள் இடுப்பை இறக்கி, இரண்டு காலையும் பாறையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொள்வான். அவன் இடுப்பு வாரில் கயிற்றை மாட்டி, வந்தவர்கள் ஒவ்வொருவராக எண்பது அடி இறங்குவார்கள். கடைசியில் அவன் ஒரு பையில் மணலை அள்ளி ரொப்பி, கயிற்றை அதில் கட்டி, அதை நம்பித் தானும் இறங்குவான். கீழே வந்து சின்னக் கயிறு ஒன்றை இழுத்தால், மேலே பை கவிழ்ந்து மணலைக் கொட்டிவிட்டு அவன் தலையில் வந்து விழும். எல்லாரையும் அவன் பிடிப்பான். அவனை மணல் பிடிக்கும். இப்படியே பத்தொன்பது வருஷம்.

முதலாளி ட்வைலா அவனை நங்கூரம் என்றுதான் கூப்பிடுவாள். இருநூற்றுத் தொண்ணூறு பவுண்டு. அதாவது இரண்டு சாதாரண மனிதர்களும், மிச்சத்தில் ஒரு குழந்தையும்.

குழிக்குள் உட்கார்ந்தபின் லமார் கண்ணை மூடிக்கொள்வான். தூக்கமும் இல்லை, முழிப்பும் இல்லை. பாறைச் சந்துக்குள் எங்கேயோ ஒரு குருவி, மாடிப்படி இறங்குகிறமாதிரி ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கிப் பாடும். கயிறு அவன் மடியில் மூச்சு விடும். பயந்த ஆள் இறங்கினால் தூண்டிலில் பொடி மீன் கடித்தமாதிரி கயிறு துடிக்கும். கோபக்காரர் இறங்கினால் வெட்டி வெட்டி இழுக்கும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் நாலு அடிக்கு ஒருதரம் நிற்பார்கள்; மேலே வரிசையில் நிற்கிற ஆளைப் பார்க்கத்தான். முகமே பார்க்காமல் அவர்கள் வீட்டுச் சண்டைவரைக்கும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

தெரியாதது ஒன்றே ஒன்று. கம்பியில் பறப்பது எப்படி இருக்கும்?

இடுக்கில் இறங்கி, மணல் தரையில் நடந்து, பின்பக்கத்து வழியாக மேலே ஏறினால் ட்வைலாவின் சொந்த நிலம். அங்கே கொட்டகை, எடை பார்க்கும் மெஷின், கம்பிமேடை. பெரிய பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரும்புக் கம்பி. கப்பியில் தொங்கிக்கொண்டு கூச்சல் போட்டபடி நாற்பது நொடியில் போய்விடலாம். அந்தக் கரையில் கையை விரித்து, காலை அகற்றி ஊன்றி, வருகிறவர்களைப் பிடித்து நிறுத்துகிறவள் ஜனீல். லமாரின் மனைவி.

ஒரு கப்பிக்கு உச்சவரம்பு இருநூற்றைம்பது பவுண்டு. ஆகவே லமார் மட்டும் மத்தியானச் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டியில் மலையைச் சுற்றிப் போவான். நாற்பது நிமிஷம். கிளம்புமுன் ஒருதரம் திரும்பிப் பார்ப்பான். எதிர்க்கரையில் ஜனீல் தீக்குச்சி உயரத்தில் கையை விரித்து நிற்பாள். பல் டாக்டர், பஸ் டிரைவர், ஒருதரம் முழுக் கூடைப்பந்து அணி என்று உலகமே பறந்துபோய் அவள் கையில் விழும். கட்டின புருஷன் போய்ச் சேரும்போது அவள் கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டிருப்பாள்.

இந்த மே மாதம் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்த நாளில் கம்பியில் போய் அவள் கையில் இறங்கவேண்டும் என்று கிறிஸ்துமஸ் அன்று, மூன்றாவது தட்டு ஹாம் கறிக்கு நடுவில் லமார் முடிவு செய்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ட்வைலா வேலையை விட்டுத் தூக்குவாள். லேசான நங்கூரத்தை யார் வைத்துக்கொள்வார்கள்?

அன்றிலிருந்து ஜனீல் கட்டிக்கொடுத்த சாப்பாடெல்லாம் காக்கைக்குப் போயிற்று. சீஸ் உருகின உருளைக்கிழங்கு, கேரட் போட்ட பச்சை ஜெல்லி, வெண்ணெய் ரொட்டி. இரண்டு அண்டங்காக்கைகள் பங்குனி வருவதற்குள் வான்கோழி அளவுக்கு வந்துவிட்டன. பறக்க ஓடுபாதை தேவைப்பட்டது. லமார் கரைந்தான். கரைந்த அளவுக்குக் கோட்டுக்கடியில் மணல் பை வைத்து மடியில் ஏற்றிக்கொண்டான். பத்து பவுண்டு குறைந்தால் பதினைந்து பவுண்டு மணல். கயிறு விஷயத்தில் அவன் விளையாடுகிறவன் இல்லை. பேன்ட் மட்டும் எப்போதும்போல் கச்சிதமாக நின்றது. துவைக்கத் துவைக்கச் சுருங்குகிற நல்ல துணி என்று நினைத்துக்கொண்டான்.

அந்த நாளும் வந்தது. பள்ளத்தாக்கில் இலவம்பஞ்சுபோல மரப்பஞ்சு பறக்கிற காலம். ஆற்றோரத்துப் பருத்திமரங்கள் வெடித்து, காற்றில் வெள்ளை வெள்ளையாக மேல்நோக்கிப் பெய்துகொண்டிருந்தன. ஆறு டூரிஸ்டுகள். காலையில் கொட்டகையிலேயே ட்வைலா ஒவ்வொருவரையும் மெஷினில் ஏற்றி, எடையைப் புறங்கையில் மையால் எழுதினாள். கடைசியில் ஏறினவர் பர்டெட் என்கிற பெரியவர். ஒஹாயோவில் பியானோ தூக்குகிற வேலை. இருநூற்று நாற்பத்தெட்டு. கப்பியின் வரம்புக்கு இரண்டு பவுண்டு மிச்சம் என்று அவர் சந்தோஷப்பட்டார். எல்லாரும் வெளியே போனதும் லமார் ஏறிப் பார்த்தான். இருநூற்றைம்பத்திரண்டு. மத்தியானத்துக்குள் இரண்டு பவுண்டு வேர்த்துவிடும் என்று கணக்குப் போட்டான்.

குழியில் உட்கார்ந்து ஐந்து பேரை இறக்கினான். ஆறாவதாகப் பர்டெட் வந்து நின்றபோது லமார் மடியைத் தொட்டுப் பார்த்தான். இவ்வளவு பெரிய ஆளுக்கு மடியில் இருக்கிற மணல் போதுமா, போதாதா? போதும் என்றுதான் தோன்றியது. தோன்றுகிறதை வைத்து ஒரு மனிதனை எண்பது அடி இறக்க முடியாது. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான்.

"ட்வைலா, பெரிய பைய எடு. நான் லேசாயிட்டேன்."

ஒரு கொலையை ஒத்துக்கொள்கிற குரலில் சொன்னான். ட்வைலா அவன் கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே மணல் பை, பச்சைப்பிள்ளைமாதிரி ஒட்டி உட்கார்ந்திருந்தது.

"எத்தன பவுண்டு கொறஞ்ச?"

"நாப்பது."

"எடை குறைச்சு விக்கிற கடக்காரன் தோத்தான் போ. அஞ்சு மாசமா நான் மனுசன்னு நெனச்சு மணலுக்கா குட்மார்னிங் சொல்லிட்டிருந்தேன்?"

எதற்காக என்று அவள் கேட்டாள். லமார் மோவாயால் கம்பிப் பக்கம் காட்டினான். தூரத்தில், கம்பியின் மறுமுனையில், ஒரு தீக்குச்சி மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. ட்வைலா கொஞ்சநேரம் அதையே பார்த்தாள். பிறகு பெரிய பையை எடுத்து அவளே மண்டிபோட்டு மணல் அள்ள ஆரம்பித்தாள். பையை லமாரின் மடியில் ஏற்றி, அவன் காலைச் சுற்றியும் மணலைக் கொட்டி இறுக்கினாள். கழுத்துவரைக்கும் புதைத்துவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். பர்டெட் இறங்கினார். கயிறு துடிக்கவில்லை, வெட்டவில்லை. பியானோவை மாடியிலிருந்து இறக்குகிறவர் தன்னையே பியானோவாக நினைத்து இறக்கிக்கொண்டார்.

இடுக்கைக் கடந்து எல்லாரும் கொட்டகைக்கு ஏறினார்கள். ஒவ்வொருவராகக் கம்பியில் கூவிக்கொண்டு போனார்கள். கடைசியில் இந்தக் கரையில் ட்வைலாவும் லமாரும் மட்டும். சாப்பாட்டு வண்டியைத் தானே ஓட்டி வருவதாக ட்வைலா சொன்னாள். பத்தொன்பது வருஷமாக அந்தக் குண்டும் குழியுமான ரோட்டிலிருந்து தன் முதுகெலும்பைக் காப்பாற்றி வைத்திருந்ததாகவும், இன்றைக்கு அது நொறுங்கினால் லமாரின் எலும்பில் ஒன்றைக் கழற்றிக்கொள்வதாகவும் சொன்னாள். மெஷினைக் காட்டினாள்.

இருநூற்றைம்பத்தாறு.

வேர்த்தது போயிருந்தது. மணல் வந்திருந்தது. லமார் பூட்ஸைக் கவிழ்த்தான். ஒரு சின்னப் பாலைவனம் கொட்டியது. சட்டைப்பையை உதறினான், கைமடிப்பை உதறினான், காதைக் குடைந்தான். தாடியைச் சீப்பால் வாரினால் அதிலிருந்தும் மணல். இருநூற்றைம்பத்தொன்று. இளவயதில் ரோடியோ காளைச் சவாரியில் வென்ற வெள்ளிக் கொக்கி வைத்த பெல்ட் ஒன்று பாக்கி. அதைக் கழற்றினால் பேன்ட் நிற்காதே என்று யோசித்தான். யோசித்தபடியே கழற்றினான். முள் இறங்கி, இருநூற்றைம்பதின் மேல் நின்று, இவனை விடலாமா என்று கொஞ்சம் ஆலோசித்து, அப்படியே நின்றது. பேன்ட்டும் நின்றது. அது எப்படி என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை.

ட்வைலா அவன் புறங்கையில் எண்ணை எழுதினாள். வாரை மூன்றுதரம் இழுத்துப் பார்த்தாள்.

"கால மடக்கிக்க. அகலமா விரிச்சின்னா காத்து பிடிச்சுக்கும்," என்று சொல்லித் தள்ளினாள்.

தரை போயிற்று. பத்தொன்பது வருஷம் மண்ணுக்குள் புதைந்திருந்த இடுப்புக்குக் கீழே இப்போது ஐந்நூறு அடி வெறுமை. சிவப்புப் பாறை ஒருபுறமாக மெதுவாகத் திரும்பியது. அடியில் ஆறு பச்சை நாடாவாகக் கிடந்தது. கப்பி பாடியது. எதிரே தீக்குச்சி பென்சிலாயிற்று, பென்சில் பெண்ணாயிற்று, பெண் ஜனீலாகி, கையை விரித்தாள். அவள் மூக்கு நுனியில் சன்ஸ்கிரீன் கொஞ்சம் தடவாமல் விட்டிருப்பது தெரிந்தது. சந்தோஷத்தில் லமாரும் இரண்டு கையையும் இரண்டு காலையும் விரித்தான்.

காற்று பிடித்துக்கொண்டது.

மேடைக்கு இருபது அடி இருக்கும்போது நின்றான். பிறகு பின்னால் போக ஆரம்பித்தான். மிக மெதுவாக, கையை நீட்டிக்கொண்டே, வந்த வழியில் வழுக்கிப் போய், கம்பி தொய்கிற நடுப்பகுதியில் தொங்கி நின்றான்.

ஜனீல் அலட்டிக்கொள்ளவில்லை. மாசத்துக்கு ஒரு ஆள் இப்படித்தான் காற்றில் மாட்டுவார். பர்டெட்டை மேடையில் உட்காரவைத்து, காலைத் தூணில் முட்டுக்கொடுக்கச் சொல்லி, நீளக் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, நடுவை அவர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தன் வாரில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கப்பியில் தொங்கி, கம்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி வந்தாள். நடுவில் வந்ததும் அவன் வாரையும் கயிற்றில் கொக்கி போட்டாள். பக்கத்தில் தொங்கினாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"உங்கிட்டதான் வந்துட்டிருந்தேன். காத்து விடல."

"நாப்பது பவுண்டு போயும் பாய்மரம் மாதிரிதான் இருக்க."

நாற்பது என்று அவளுக்கு யார் சொன்னது என்று லமார் விழித்தான்.

"நாலு தடவ உன் பேன்ட்ட பிடிச்சுத் தச்சிருக்கேன். காக்கா தச்சுக் குடுத்துச்சுன்னு நெனச்சியா? எதுக்கு எளைக்கிறேன்னுதான் தெரியல. வேற எவளயாவது பாத்துட்டியோன்னு ஒரு வாரம் யோசிச்சேன். அப்புறம் உன் மூஞ்சப் பாத்தேன். யோசனைய விட்டுட்டேன்."

பஞ்சு கீழிருந்து மேலே பெய்துகொண்டிருந்தது. அவள் ஹெல்மெட்டில், அவன் தாடியில், இருவருக்கும் நடுவில். குருவி எங்கேயோ படியிறங்கியது.

"ஊர்ல எல்லாரும் பறந்து வந்து உன் கையில விழறாங்க, ஜனீல்," என்றான். "நான் மட்டும் சாப்பாட்டோட சாப்பாடா வண்டில வர்றேன்."

ஜனீல் கையுறையைக் கழற்றி வாரில் செருகினாள். அவன் புறங்கையைத் திருப்பி எண்ணைப் படித்தாள். பிறகு அந்தக் கையை விடவில்லை.

மேடையிலிருந்து பர்டெட் இழுக்கட்டுமா என்று கேட்டார். ஜனீல் கொஞ்சம் இருக்கச் சொன்னாள். இன்னும் கொஞ்சநேரம் கழித்துக் கேட்டார். அதற்கும் இருக்கச் சொன்னாள். லமார் கண்ணை மூடிக்கொண்டான். வழக்கம்போல் கயிறு பேசியது. இந்தத் தடவை அவன் இருப்பது மறுமுனையில். கயிறு துடிக்கவில்லை, ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அந்த ஆள் நன்றாக உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குச் சாப்பாடு இரண்டு மணிநேரம் தாமதம். முதுகைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கின ட்வைலா, நாளையிலிருந்து சாப்பிடாத நங்கூரத்துக்கு வேலை கிடையாது என்றாள்.

மறுநாள் லமார் டப்பாவைத் திறந்து கடைசிக் கிழங்குவரை வழித்துத் தின்றான். அண்டங்காக்கைகள் வண்டியின் கூரையில் உட்கார்ந்து அவன் வம்சத்தையே திட்டின. புறங்கையில் எழுதின எண்ணை அவன் கழுவவில்லை. மலையைச் சுற்றி, குலுங்கிக் குலுங்கி, நாற்பது நிமிஷத்தில் அந்தக் கரையை எட்டினான்.

கடைசி வளைவு திரும்பினதும் ரோட்டின் நடுவில் ஜனீல். கையுறை போட்டு, காலை அகற்றி ஊன்றி, இரண்டு கையையும் விரித்து, மூன்று டன் வண்டியைப் பிடித்து நிறுத்தப்போகிறவள்போல் நின்றாள்.

லமார் பிரேக்கை மெதுவாக அழுத்தினான். வண்டி ஊர்ந்து போய், அவள் உள்ளங்கைகளில் வந்து நின்றது.