யாருக்கென்று சொல்லக் கூடாத மருந்து

போன மாதம் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி ஒரு பாக்கெட்டைப் பிரித்து எனக்கும் ஒரு கப் கலந்து வைத்தாள். காளான் டீயாம். உடம்புக்கு அவ்வளவு நல்லதாம், ஆன்லைனில் வரவழைத்தாளாம். பாக்கெட்டின் மேல் சிவப்பாக, வார்னிஷ் அடித்த விசிறி மாதிரி ஒரு காளான் படம். அதைப் பார்த்ததும் வந்த ஆத்திரத்தில் கப்பை அப்படியே கொண்டுபோய் வாஷ்பேசினில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பாவம், அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. அவளுக்கு என்ன தெரியும்! ஒரு மழைக்காலம் முழுக்க நான் அந்தக் காளானைப் பொறுக்கிக்கொண்டு திரிந்தவள்.

எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் இருக்கிறது. கடல் கண்ணுக்குத் தெரியாது, உப்புக்காற்று மட்டும் வரும். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அடுத்தடுத்த வீடு. அடுப்பு இரண்டு, பேச்சு ஒன்று. அந்தப் பேச்சு பெரியப்பாவுடையது. அப்பா மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு வேன் ஓட்டினார். ரோட்டில் யாருக்கும் வழி விடாத மனுஷர், வீட்டுக்குள் வந்தால் அண்ணன் முன்னால் வாயைத் திறக்க மாட்டார். கல்யாணமாகாத என் அத்தையும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அப்பா கூட்டிக்கொண்டு போனார். புற்றுநோய்தான், தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அங்கே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அத்தைக்குக் கருங்குழியில் இடம் அமைந்து, தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்த நேரம் அது. மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை. பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "வூட்ல ஒருத்தி மார அறுத்துக்கினு கெடந்தா கருங்குழிக்காரன் இன்னா நெனைப்பான்? சாபம் புடிச்ச வூடுன்னு சொல்லிட்டுப் பூடுவான். தை முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றாராம். இதெல்லாம் பின்னாளில் அத்தையே என்னிடம் சொன்னது. அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும்தான்.

காளானைக் கொண்டுவந்தது அப்பா. அவர் வேனில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சவுக்குத் தோப்போரம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு வெட்டுக்கட்டையடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்புக் காளானை வளைத்து வளைத்துப் படம் எடுத்தாளாம். இது என்ன என்று அப்பா கேட்க, அவள் வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அப்பாவின் இங்கிலீஷுக்குப் பிடிபட்டது டீ, கேன்சர் என்கிற இரண்டு வார்த்தைகள்தான். நடுவில் அந்தப் புண்ணியவதி என்னென்ன சொன்னாளோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். அப்பா அன்று சாயந்திரம் அந்தக் காளானைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். அவர் நம்பினார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் அவரை என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை.

பெரியப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது புதுசு இல்லை. தென்னையடியில் அந்தக் காளான் முளைத்தால் மரம் உள்ளுக்குள் அழுகிப்போய்விட்டது என்று அர்த்தம். அப்படிக் காளான் கண்ட மரங்களை அவரே கோடாலி போட்டுச் சாய்த்திருக்கிறார். மரத்தைத் தின்கிற சாமான் மனுஷியைக் காப்பாற்றும் என்று அவர் நம்பினாரா? கேட்டிருந்தால் பளார் என்று ஒன்று விழுந்திருக்கும். "நாளையிலேர்ந்து இதான் மருந்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் விடியாததுமாகப் பெரியப்பா ஒரு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புவார், நான் பையோடு பின்னாலேயே ஓடுவேன். பொய் சொல்வானேன், எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்த சவுக்குத் தோப்பில் கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். வெட்டின மரங்களின் அடிக்கட்டைகளில் தேட வேண்டும். முதலில் காளான் தெரியாது. கட்டையைச் சுற்றி விழுந்து கிடக்கும் சவுக்கு இலைமேல் காப்பித்தூளைத் தூவிவிட்ட மாதிரி பழுப்பாக ஒரு பொடி படிந்திருக்கும். அந்தப் பொடியைப் பார்த்துவிட்டால் பக்கத்திலேயே காளான் இருக்கும். நடுவில் ரத்தச் சிவப்பு, விளிம்பில் மட்டும் வெள்ளை. தொட்டால் சாப்பிடுகிற காளான் மாதிரி இருக்காது, கட்டையேதான். பெரியப்பாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல், பொடியைக் கண்டுபிடிப்பது நான்தான். ஓடைத்தண்ணீர் வந்தால் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தாண்டுவார். உலகத்திலேயே அம்மாமேல் பாசமுள்ள மனுஷர் பெரியப்பாதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பறிக்கிறதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கள் பக்கத்தில் எந்தப் பச்சிலை பறித்தாலும் யாருக்கு, எதற்கு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் பலிக்காது. பெரியப்பா அதை எனக்குப் பாடமே நடத்தினார். "யாருக்குன்னு சொல்லிட்டியோ, மருந்து செத்துடும். அப்பால ஒங்கம்மாவ யாராலயும் காப்பாத்த முடியாது. டீச்சர் கேட்டாலும் சொல்லக் கூடாது, சாமி வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. புரிஞ்சிதா கண்ணு?" புரிந்தது. அம்மா ஏன் இப்படி இளைத்துவிட்டாள் என்று தெருவில் யார் கேட்டாலும் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டின் ரகசியத்துக்கு என்னைவிட நல்ல பூட்டு கிடைத்திருக்காது.

காளானை வெந்நீர் அடுப்புக்கு மேலே முறத்தில் வைத்துக் காயப்போட்டு, அத்தை அதைச் சீவிச் சீவி அலுமினியக் குண்டானில் கொதிக்கவைப்பாள். தண்ணீர் பழுப்பாகி, பாதியாய்ச் சுண்டும்வரை கொதிக்கும். கல்யாணப் பெண் கையால் காய்ச்சின டீ! ஆசைப்பட்டு ஒரு மடக்கு குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டேன். அப்படி ஒரு கசப்பு. கருப்பட்டி போட்டும் போகவில்லை.

அம்மா அதைக் குடிக்கவில்லை. அத்தை கொடுத்த டம்ளரை வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே வாழைக்கு ஊற்றினாள். அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னிடம்தான் பேசுவாள். "ஒங்க பெரியப்பா கிட்ட சொல்லு. எனக்கு டீயும் வேணாம், கீயும் வேணாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்." நான் வாசலுக்கு ஓடிச் சொல்வேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தை பொறக்கட்டும்னு சொல்லு" என்பார். நான் உள்ளே ஓடிச் சொல்வேன். இதில் அப்பா எங்கே என்று கேட்டால், இருந்தார், செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தரம் அப்படி ஓடின பிறகு பெரியப்பாவுக்கு யோசனை பிறந்துவிட்டது. "இனிமே டீய கொழந்த கையில குடுத்தனுப்புங்க" என்றார்.

நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"நீ பறிச்சதாடி?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. நாந்தான் மொதல்ல பாத்தேன்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். எப்படி இருக்கிறது என்று ஆவலாகக் கேட்டேன். "நல்லா கீது" என்றாள். அதற்கப்புறம் தினமும் நான் கொடுப்பதும் அவள் குடிப்பதும், நான் கேட்பதும் அவள் நல்லா கீது என்பதும் வழக்கமாகிவிட்டது.

கார்த்திகையில் ஒருநாள் அடைமழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். அப்பா புதுச்சேரிக்கு சவாரி போயிருந்தார். அம்மா நல்ல புடவை கட்டி, ஒயர் கூடையில் துணிமணி எடுத்துவைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டாள். அங்கே எங்கள் தெருவுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் அக்கா நின்றிருந்தாள். அவளும் செங்கல்பட்டுக்குத்தான் போகிறாளாம்.

"இன்னாம்மா, கூடையும் கையுமா எங்க பயணம்? ஏன் இப்டி கருவாடா காஞ்சி போயிட்ட?" என்று அவள் கேட்டாளோ இல்லையோ, அம்மாவுக்குக் கண் நிரம்பிவிட்டது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தாள் போலிருக்கிறது.

"ஆஸ்பத்திரிக்குக்கா. எனக்கு மார்ல..."

நான் எம்பிக் குதித்து அவள் வாயைப் பொத்தினேன். "சொல்லாதம்மா! மருந்து செத்துடும்மா!"

"இன்னாடி மருந்து?" என்று மீன்கார அக்கா கேட்பதற்குள் பெரியப்பாவின் வண்டி வந்து நின்றது. வீட்டில் அத்தை இருந்தாளே, சேதி போகாமலா இருக்கும்? அவர் அம்மாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா கண்ணு, அம்மாவ இட்டுக்கினு எங்க கெளம்பிட்ட? டீ ஆறிப் போவுது பாரு."

பஸ்ஸும் வந்துவிட்டது. மீன்கார அக்கா தன் மீன்கூடையை ஏற்றிவிட்டு உள்ளே இருந்து கை நீட்டினாள். அம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். நான் கீழேயே நின்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கத்த ஆரம்பித்தேன். "வேணாம்மா, வூட்டுக்குப் போலாம்மா! டீ குடிச்சா சரியாப் பூடும்மா! நான் இன்னும் நெறைய பறிச்சாறேன்மா!" கண்டக்டர் சலித்துக்கொண்டார்: "ஏறுறியா, எறங்குறியா? சீக்கிரம் சொல்லும்மா." அம்மா என்னைப் பார்த்தாள், பெரியப்பாவை ஒருதரம் பார்த்தாள். என்னை அங்கே விட்டுவிட்டு ஏற அவளால் முடியவில்லை. இறங்கிவிட்டாள்.

பெரியப்பா என்னை வண்டியில் முன்னால் நிற்கவைத்து ஓட்டிக்கொண்டு போனார். அம்மா பின்னால் நடந்து வந்தாள். அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வர வேண்டாம். எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் கிடையாது. அந்த வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? கோபம்தான் இருக்கிறது, அது தீராது. ஒரு பெண்ணைக் கட்டிப்போட அவள் பெற்ற பிள்ளையையே கயிறாக எடுத்தார்களே, அந்தக் கோபம்.

தையில் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அம்மா முழங்கைவரை நீண்ட ஜாக்கெட் போட்டு, ஒரு கையைத் தூக்க முடியாமல் மறு கையால் பந்தியில் பரிமாறினாள். கருங்குழிக்காரர்கள் பெண்ணின் அண்ணிக்கு எவ்வளவு சுறுசுறுப்பு என்று மெச்சினார்கள். அத்தை மறுவீடு போய்வந்த பிறகுதான் அம்மாவை மறுபடி செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனார்கள். ஆடியை அவள் தாண்டவில்லை.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், ஆஸ்பத்திரின்னா அதுக்கு பயம்" என்று உச்சுக்கொட்டுவார்கள். அம்மாவின் அண்ணன்மார்கூட அப்படித்தான் நம்புகிறார்கள். அந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். அது பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

தை கடைசி. டாக்டர் ஒரு பெண், சின்ன வயசு. திரைக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "அப்பவே சொல்லி அனுப்பிச்சோமே, இத்தன மாசம் எங்கம்மா போனீங்க?" என்று கேட்டார். அம்மா ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் பெரியப்பா ஒரு எட்டு முன்னால் வந்து கைகூப்பினார்.

"பயம் மேடம். கத்தின்னா அப்டி ஒரு பயம் அதுக்கு. நாங்க எவ்ளோ சொல்லியும் வர மாட்டேன்னு ஒரே அடம். காளான் டீ குடிச்சே சரியாப் பூடும்னு சொல்லிக்கினு இருந்திச்சி. இந்தா, கொழந்தையவே கேளுங்க. டீ குடிச்சா நல்லா கீதுன்னு அம்மா சொல்லிச்சா இல்லியா கண்ணு?"

சொல்லலாமா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லு என்று தலையாட்டினார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன். "தெனமும் சொல்லும்."

டாக்டர் பெருமூச்சு விட்டு, இந்தக் காலத்திலும் இப்படி இருக்கிறீர்களே என்று அம்மாவைத்தான் திட்டினார். அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் சில்லிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா சொன்னது சரிதான், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.