பெயர் நீக்கக் காரணம்

அரசாங்கக் கணக்கில் என் தங்கை செத்து நான்கு வருஷமாகிவிட்டது என்பது, அவளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

இருதய வால்வு பழுது. சீக்கிரம் மாற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் சீர்காழிப் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் கூட்டி வந்திருந்தேன். காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் ரேஷன் கார்டு எண்ணைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

“சார், இந்தப் பேரை நீக்கியிருக்குங்க. காரணம்… இறப்புன்னு இருக்கு.”

“என்னம்மா பேசறீங்க! காலையில இட்லி சாப்பிட்டாம்மா அவ!” என்று கத்திவிட்டேன்.

கத்தின வாய் மூடுமுன் நாலு வருஷத்துக்கு முந்தி நான் செய்த காரியம் ஞாபகம் வந்தது. தங்கைக்குக் கல்யாணமான அதே வருஷம் அப்பா காலமாகிவிட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த கையோடு ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எடுத்தால்தான் மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும். இரண்டு பெயரையும் ஒரே நடையில் எடுத்துவிடலாம் என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். நடவு சமயம். டிராக்டர்காரனோடு போனில் சண்டை. நடுவில் அங்கிருந்தவள், “நீக்கறதுக்குக் காரணம் என்னங்க?” என்றாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “எறந்துட்டாரும்மா, எறந்துட்டாரு” என்றேன். அப்பாவைத்தான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன், பாவி. அவள் இரண்டு பெயருக்கும் அதையே போட்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை வீட்டார் தங்கையை அவர்கள் கார்டில் சேர்க்கவேயில்லை. இரண்டே வருஷத்தில் வாழாவெட்டியாக வந்துவிட்டாள். பெயரைத் திரும்ப ஏற்ற வேண்டுமே என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

சீர்காழித் தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். “உசுரோட இருக்காங்கன்னு நாங்க பாத்துத்தானே எழுதணும்? நேர்ல கூட்டிட்டு வாங்க” என்றார் அதிகாரி. அவரைத் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. டாக்டர் வேண்டாம் என்று தடுத்தும், என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏற்றினேன். வழியெல்லாம் அவள் ஜன்னலில் சாய்ந்து, மூச்சுக்கு மூச்சு திணறிக்கொண்டு வந்தாள். மயிலாடுதுறை தாண்டியதும், “என்னைக்குண்ணே செத்தேன்? தேதி போட்டிருக்கா?” என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

ஆபீஸ் மாடியில் இருந்தது. பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடெல்லாம் நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். தகவல் தெரிந்து இறங்கி வந்த அதிகாரி பதறிப்போய், அந்தப் படியில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

அப்படியே அவளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். பெயர் ஏறி, காப்பீட்டு அனுமதி வர மேலும் நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காலை கவுண்டர் பெண் ஓடி வந்தாள். “அப்ரூவல் வந்துடுச்சு சார்!” அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அதைத் தங்கையிடம் சொல்ல வார்டுக்குப் போனால், டாக்டர் என்னை வராண்டாவுக்கு அழைத்துப் போனார். நுரையீரல் முழுக்க நீர் கோத்துவிட்டது, இனி ஆபரேஷன் தாங்காது, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார்.

உள்ளே போனேன். முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்கை விலக்கிக்கொண்டு கேட்டாள்:

“சேத்துட்டாங்களாண்ணே, என்னை?”

“சேத்துட்டாங்கம்மா” என்றேன்.