அட்டை ஓட்டையில் விழுந்த வார்த்தைகள்

எங்கள் அப்பாவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் எந்த இங்கிலீஷ் வார்த்தை முதல் தரம், எது கழிவு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். சிரிக்காதீர்கள். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவருக்கு இது ஒரு பெரிய காரியமே இல்லை. குரங்கணியிலிருந்து வந்து இறங்கும் மூட்டையைப் பிரித்துச் சல்லடையில் கொட்டி ஆட்டினால் கொழுத்த காய் மேலே நிற்கும், பொடிசு கீழே விழும். மேலே நிற்பதற்குத்தான் விலை. காய்க்கு உள்ள நியாயம் வார்த்தைக்கு மட்டும் இல்லாமல் போகுமா என்பது அவர் கட்சி.

வார்த்தையைச் சலிக்கும் அவசியம் அக்காவால் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்த அக்கா, மதுரைக்குப் போய்க் காலேஜில் படித்தே தீருவேன் என்று பட்டினி கிடந்து பார்த்தாள். "படிச்ச வரைக்கும் போதும் ஆத்தா" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்து மதுரையில் வக்கீலாக இருந்த ஒருவரின் ஜாதகம் வந்தது, பொருந்தியும் தொலைத்தது. மாப்பிள்ளை கேட்டது ஒன்றுதான். பெண்ணுக்கு இங்கிலீஷ் பேச வர வேண்டும். பெண் பார்க்க வரும்போது தானே பேசிப் பார்ப்பாராம்.

அப்பா அசரவில்லை. சீமைக்குத் திரும்பிப்போன எஸ்டேட் துரை ஒருவர் விட்டுச்சென்ற தலையணை தண்டிக்குப் பெருத்த டிக்சனரியைப் போடிமெட்டிலிருந்து ஜீப்பில் வரவழைத்தார். ஒரு அட்டையில் விரல் அளவு பார்த்து ஓட்டை வெட்டினார். அட்டையை ஒவ்வொரு வார்த்தை மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டைக்குள் அடங்கினால் பொடிசு, தள்ளிவிடலாம். அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தால் முதல் தரம், அக்கா மனப்பாடம் பண்ண வேண்டும். அட்டை வைக்கும் சோலி ஒன்பது வயதான எனக்கு. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

காய் பொறுக்கும் பெண்கள் முறத்தோடு ஒரு பக்கம், நாங்கள் டிக்சனரியோடு ஒரு பக்கம். "மேக்னானிமிட்டி", "ப்ரொக்ராஸ்டினேஷன்" என்று அக்கா வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்பா மூட்டைகளுக்கு நடுவே வந்து நின்று, "பொடிசு ஏதும் கலந்துறாமப் பாத்துக்க" என்று என்னை எச்சரித்துவிட்டுப் போவார்.

அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம். ஓட்டையில் விழுந்த வார்த்தைகளையும் விடாமல் முணுமுணுப்பாள். ஸே, நோ, வான்ட்.

"அதான் கழிச்சாச்சுல்லக்கா, அதை எதுக்குச் சொல்றே?"

"நீ ஒஞ் சோலியப் பாரு" என்பாள்.

மாப்பிள்ளை தன் அம்மாவோடும் பெரியப்பாவோடும் காரில் வந்து இறங்கினார். அப்பா இங்கிலீஷுக்குத் தோதாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளையின் நாற்காலியை ஜன்னலோரம் தனியாகப் போட்டிருந்தார். மற்றவர்கள் கூடத்தின் மறுகோடியில். அக்கா காப்பித் தட்டோடு போகும்போது அப்பா அவள் காதோடு, "அந்த மேக்னானிமிட்டிய மறக்காமச் சொல்லிரு ஆத்தா" என்றார். நான் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

மாப்பிள்ளை சிரித்த முகமாக இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அக்கா குனிந்தே நின்றாள். சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. சட்டென்று தலையை நிமிர்த்தி, அந்த மனிதரை நேருக்கு நேர் பார்த்து, எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கிற குரலில் அக்கா சொன்னாள்.

"ப்ளீஸ். ஸே நோ. ஐ வான்ட் டு ஸ்டடி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடிப்பாவி, அத்தனையும் பொடிசு! ஒன்றாவது ஓட்டையைத் தாண்டுமா? இத்தனை நாள் சலித்துச் சலித்துக் கொடுத்ததை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, கழிவை அள்ளி மாப்பிள்ளை முன்னால் கொட்டுகிறாளே! போச்சு, மானம் போச்சு என்று நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். மகளின் உதடு அசைவதைப் பார்த்து அவர் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது. காப்பியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "எஸ்" என்றார். அதுவும் பொடிசுதான். நல்ல ஜோடி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எழுந்துபோய் அப்பா முன்னால் கைகூப்பினார். "ஐயா, உங்க பொண்ணு இங்கிலீஷுக்கு முன்னாடி என் இங்கிலீஷ் நிக்காது. எனக்குக் குடுத்து வைக்கலை. இந்தப் பொண்ணையா காலேஜுக்கு அனுப்பாம வச்சிருக்கீங்க?"

"என்னடா சொல்றே!" என்று அவருடைய அம்மா அலறியதையும் அவர் காதில் வாங்கவில்லை. கார் போய்விட்டது. எங்கள் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா வெற்றிலைத் தட்டும் கையுமாக நின்றது நின்றபடி நின்றார்.

"மட்டம்னு கழிச்சுவிட்டா மனசு ஆறும். முதல் தரம்னு சொல்லிக் கழிக்கிறானே!" என்று புலம்பினார். வெகுநேரம் கழித்து அவருக்குள் இருந்த வியாபாரி கண் விழித்தார். "வக்கீலுக்கே தாங்கலையா? இன்னும் படிக்கட்டும். கலெக்டரே வரட்டும்" என்றார். அக்காவின் காலேஜ் அந்த நிமிஷத்தில் முடிவாயிற்று.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடுப்படிக்கு ஓடினேன். "ஏக்கா இப்பிடிப் பண்ணுனே? அம்புட்டும் பொடிசாப் பேசி அந்த மனுசரை வெரட்டிவிட்டுட்டியே!"

அக்கா என்னை எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டாள். என் உச்சந்தலை நனைந்தது. மாப்பிள்ளை போய்விட்ட துக்கம் பாவம் என்று எனக்கு மனசு இளகிவிட்டது.

"அழுகாதக்கா" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "அடுத்த மாப்பிள்ளைக்கு நானே இதவிடப் பெருசாச் சலிச்சுத் தர்றேன்."